முதல் இரண்டு அளவுகள்

தம்பி,

நேற்று மதியம் போனில் நான் உனக்குச் சொன்னது தப்பு. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மறுபடி அந்தத் தூசியில்லாத அறைக்குள் போ. உள்ளே போகும்போது போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. உன் அப்பாதான், "சும்மா கூப்ட்டுக்கினே இருக்காத, யாருக்கோ இன்னாவோ ஆயிடுச்சுன்னு பயந்துடப் போறான். எழுதிக் குடு, வெளிய வந்து படிப்பான்" என்றார். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதற்காகக் கடைக்குக்கூடப் போகாமல் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியைத் துடைக்கிறார், மாட்டுகிறார், கழற்றுகிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "ஆச்சா?" என்கிறார்.

நீ நேற்றுச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். தப்பு இருந்தால் திருத்து. நீங்கள் ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடமாகச் செய்திருக்கும் செயற்கைக்கோள் ஒரு செருப்புப் பெட்டி அளவுதான். அதற்குள் இருக்கும் படிகத்தின் மேல் காமா கதிர் பட்டால் படிகம் ஒரு கணம் மினுங்கும். அந்த மினுங்கலையும் அது நடந்த நேரத்தையும் பெட்டி குறித்துக்கொள்ளும். எங்கோ வெகு தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் அழியும்போது கிளம்புகிற காமா வெடிப்பு நமக்குச் சில நொடிதான் தெரியும். நம் காற்றுமண்டலம் அதைக் கீழே விடாது, அதனால் மேலே போய்த்தான் பிடிக்கவேண்டும். எப்போது வரும், எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஒரே ஒரு பெரிய செயற்கைக்கோளை நம்பியிருந்தால், அது பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நேரத்தில் இந்தப் பக்கம் வந்து போய்விடும். ஆகவே சின்னதாகப் பலவற்றைச் சுற்றவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் அந்த வெடிப்பை எந்தக் கணத்தில் பார்த்தது என்பதை ஒப்பிட்டு, அது வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்க்கப்போகிற பெட்டிகளில் ஒன்று உங்களுடையது.

இதை நீ எனக்கு விளக்கியபோது என் உதாரணத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாய், நினைவிருக்கிறதா? கடற்கரைப் பாறைகளுக்கு என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவேன். ஒரு பெண்ணைத் தெற்குப் பாறையிலும், ஒருத்தியை நடுவிலும், ஒருத்தியை வடக்கிலும் பத்திரமான தூரத்தில் நிறுத்துவேன். ஒரே அலை தன் எதிரில் இருக்கும் பாறையில் மோதும்போது ஒவ்வொருத்தியும் கையைத் தூக்கவேண்டும். தெற்கில் முதலில், வடக்கில் கடைசியில் கை உயர்ந்தால் அலை தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. கடலைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்கும் நாலாவது பெண், கைகளை மட்டும் பார்த்தே திசையைச் சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு முறை நடுவில் நின்ற பெண் பராக்குப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் கை தூக்கியதும் தானும் அவசரமாகத் தூக்கினாள். நாலாவது பெண் அலை வந்த திசையைத் தப்பாகச் சொன்னாள், வகுப்பே சிரித்தது. சிரிப்பை வாங்கியவள் மேல் தப்பே இல்லை.

உங்கள் பெட்டியின் கடிகாரம்தான் அந்த நடுப்பாறைப் பெண். விண்வெளி மாதிரியே காற்றில்லாத குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, வெளியே எடுத்து, மெல்லச் சூடேறும்போது சரியான நேரத்தைத் தருகிறதா என்று பார்ப்பது உன் வேலை. மூன்று முறை பார்த்தாய். முதல் இரண்டு முறையும் கடிகாரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு பின்தங்கியது. மூன்றாவது முறை சரியாக இருந்தது. பூமியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒளி போவதற்கே ஒரு நொடியில் நூறில் சில பங்குதான் ஆகும் என்னும்போது, இந்தப் பின்தங்கல் சின்ன விஷயம் இல்லை. நீ மூன்றாவது அளவை மட்டும் பதிவேட்டில் ஏற்றினாய். முதல் இரண்டும் ரஃப் தாளில் பென்சிலில் இருக்கின்றன. வியாழக்கிழமை பெட்டியை மூடி ஏவுதளத்துக்கு அனுப்புகிறார்கள். வேறு யாருடைய பெரிய செயற்கைக்கோளோடோ தொற்றிக்கொண்டு போகிற பெட்டி என்பதால் ராக்கெட் உங்களுக்காக நிற்காது. இப்போது சொன்னால் மறுபடி சோதிப்பார்கள், நாள் தப்பலாம், ஆறு பேரின் உழைப்பும் தரையில் நிற்கலாம். உன் வேலை ஒப்பந்தமும் இந்த ஏவுதலோடு முடிகிறது. இதெல்லாம் நீ மூச்சுவிடாமல் சொன்னது. கடைசியில், "யாருக்கும் தெரியாதும்மா. ஆனா அந்தத் தாளைத் தூக்கிப் போட மனசு வரல, பைலயே வச்சிருக்கேன்" என்றாய்.

அப்போது நான் என்ன சொன்னேன்? "மூணாவது சரியா வந்துச்சுல்ல? அப்ப அதுதான் ரீடிங். விடு, சாப்ட்டியா?" என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் கை நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் பள்ளி ஆய்வகத்தில் நின்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம் அது. வார்த்தைகூட மாறவில்லை. நீ எங்கிருந்து இந்தப் பழக்கத்தைக் கற்றாய் என்று யாராவது கேட்டால் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியும், உன் பள்ளியிலும் அப்படித்தான். அளவை முதலில் பென்சிலில் எழுதவேண்டும். டீச்சரிடம் காட்டவேண்டும். டீச்சர் கையில் ஒரு பட்டியல் இருக்கும், எந்தக் கருவிக்கு எந்த விடை வரவேண்டும் என்று. ஒத்துப்போனால் தலையசைப்பார், பேனாவில் எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் "மறுபடி எடு." அழிப்பான் எதற்கு இருக்கிறது? பிள்ளைகளுக்கு மார்க் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் அப்படிச் செய்தோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நீ பதினொன்றாவது படிக்கும்போது வாசல் நிலையில் ஊசல் கட்டித் தொங்கவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஒன்பது புள்ளி எட்டுக்குப் பதில் ஒன்பது புள்ளி நாலு என்று கண்டுபிடித்து என்னிடம் காட்டினாய். "எழுதாத. மறுபடி எடு" என்றேன். "மறுபடி எடுத்தா மட்டும் பூமி மாறிடுமாம்மா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழிப்பானை உன் பக்கம் தள்ளினேன். நூலின் நீளத்தை நீ குண்டின் நடுவரைக்கும் அளக்காமல் கொக்கிவரைக்கும் அளந்திருந்தாய். அந்த ஒன்பது புள்ளி நாலைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்திருக்கலாம். அழித்துவிட்டதால் நீ அன்று அதைக் கற்றுக்கொள்ளவில்லை. சரியான விடையை மட்டும் கற்றுக்கொண்டாய்.

ஆனால் நேற்று என் கையை நிறுத்தியது நீ இல்லை, பரிமளா. அவளைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால் என்னிடம் பன்னிரண்டாவது படித்தவள், அப்போது நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவள் வீடு. செய்முறைத் தேர்வில் அவளுக்கு மூன்றாம் எண் கம்பிச்சுருள் கிடைத்தது. அதன் மின்தடையைக் கண்டுபிடிக்கவேண்டும். அவள் பென்சிலில் எழுதிக் காட்டியது நாலு புள்ளி ஆறு. என் பட்டியலில் ஐந்து புள்ளி இரண்டு. மறுபடி எடுக்கச் சொன்னேன். நாலு புள்ளி ஆறு. மூன்றாவது முறையும் அதே. வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அடுத்த மேசைவரைக்கும் வந்துவிட்டார். நான் குனிந்து என் கையாலேயே அழித்தேன். "அஞ்சு புள்ளி ரெண்டு எழுது" என்று காதருகில் சொன்னேன். அவள் எழுதினாள். முழு மார்க் வாங்கினாள். அவள் பென்சிலை வைத்த விதத்தை மட்டும் நான் பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அந்த மே மாதம் ஆய்வக அலமாரியைச் சுத்தம் செய்தோம். கதவில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெயர் எழுதிய தகடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததே, அந்தப் பழைய அலமாரிதான். மூன்றாம் எண் சுருளை எடுத்துப் பார்த்தால் முனையில் புது ஈயப் பற்று. உதவியாளரைக் கேட்டேன். "முனை அறுந்து போச்சு டீச்சர். அறுந்தத வெட்டிட்டு நான்தான் பத்த வச்சேன், பொங்கலுக்கு முன்னாடி" என்றார். கம்பி நீளம் குறைந்தால் மின்தடையும் குறையும். இதை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். நானே அளந்து பார்த்தேன். நாலு புள்ளி ஆறு. பட்டியலைத் திருத்தினேன். பரிமளாவிடம் சொல்லவில்லை. தேர்வு முடிந்துவிட்டது, முழு மார்க் வாங்கிவிட்டாள், இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் இயற்பியல் எடுக்கவில்லை, வணிகவியல் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டபோது அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை ரெட்டியார்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். அவள் இப்போது அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு அதெல்லாம் மறந்திருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், பென்ஷன் பேப்பரா? எத்தன காப்பி?" என்றாள்.

"காப்பி எடுக்க வரல. பன்னெண்டாவது பிராக்டிகல் ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவள் மெஷினிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை. "மூணாம் நம்பர் காயிலு. நாலு புள்ளி ஆறு" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். உதவியாளர் பற்றவைத்தது, நான் அளந்து பார்த்தது, எல்லாம். நடுவில் ஒருவர் ரேஷன் கார்டை நீட்டி, "யக்கா, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வருமா?" என்றார். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கணக்கு வரும், லேப்புதான் கை வராதுன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்வேன் டீச்சர். எம் பொண்ணு சயின்ஸ் எடுக்கறேன்னப்ப, நம்ம கைக்கு அதெல்லாம் வராதும்மான்னு அதுகிட்டயும் சொன்னேன்." கொஞ்ச நேரம் தாள்களைத் தட்டிச் சமமாக்கினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த வருஷமே. மே மாசம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர். நாலு தெருதானே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு, "டீ சொல்லட்டுமா?" என்றாள். குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

தம்பி, இப்போது நான் உன்னிடம் கேட்பது சுலபமான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கிறவள் முப்பது வருடம் தாமதமாக நாலு தெரு தூரத்தைக் கடந்தவள் என்பதும் தெரியும். அந்தத் தாளைப் பையிலிருந்து எடு. நாளைக்கு உங்கள் ஆறு பேருக்கும் மேலே இருக்கும் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடு. மூன்று அளவு எடுத்தேன், முதல் இரண்டை எழுதவில்லை என்று சொல். அவசரம், தூக்கமில்லை, பயம் என்று முன்னால் ஒன்றும் சேர்க்காதே. அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அம்மா சொன்னதால் வந்தேன் என்றும் சொல்லாதே, தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவன் நீதான். நான் இல்லை. நான் விட்டுவிடச் சொன்னவள்.

மேடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று எல்லோர் முன்னாலும் கேட்கலாம். மற்ற ஐந்து பேரும் உன் முகத்தைப் பார்க்காமல் போகலாம். நேற்றிலிருந்து இதையெல்லாம் நானே ஒரு நாடகம் மாதிரி மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ நிற்கிற இடத்தில் ஆய்வக மேசை இருக்கிறது, உன் முகம் பரிமளா முகமாக இருக்கிறது. ராக்கெட்டைத் தவறவிட்டாலும் ~~பரவாயில்லை~~ சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு தெம்பு கிடைத்தது. அதுவும் உன் அப்பாவிடமிருந்து. நேற்றுச் சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவருக்குக் காமா கதிர் எங்கே புரியப்போகிறது என்று நான் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது போல. "நீ டீச்சரு, உனக்கு எல்லாத்துக்கும் முழு மார்க்கு வேணும்" என்று ஆரம்பித்தார். "எங்கிட்ட வர்ற எஞ்சின்ல எது முழுசா நல்லது? ஒண்ணு குளிருல மூணு இழுப்பு இழுத்தாத்தான் எடுக்கும். ஒண்ணு சூடானா திணறும். இன்னா பண்ணுவேன்? டேங்குமேல பெயிண்ட்ல எழுதி வுட்டுடுவேன், இதுக்கு இது கோளாறுன்னு. தெரிஞ்சவன் அதுக்கேத்தா மாதிரி ஓட்டிக்கினு போய் மீனோட வந்துடுவான். தெரியாம எடுத்துக்கினு போனவனத்தான் நடுக்கடல்லேர்ந்து கட்டி இழுத்தாறணும். மேல போனதுக்கப்புறம் ஒம் பையன் பெட்டிய யாரு கட்டி இழுத்தாறது?"

அவர் சொன்னதை உன் கடிகாரத்தோடு சேர்த்துப் பார். குளிரிலிருந்து வெளிவரும் முதல் சில நிமிடம் மட்டும் அது பின்தங்குகிறது என்று உங்களுக்கே தெரிந்திருந்தால், மேலே அது பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சில நிமிட நேரத்தை நம்பாமல் விடலாமே. அல்லது எவ்வளவு பின்தங்குகிறது என்று அளந்து சேர்த்துக்கொள்ளலாமே. அப்படிச் செய்யமுடியுமா என்று எனக்குத் தெரியாது, மேடத்துக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் அதை யோசிப்பதற்கே அந்த இரண்டு அளவுகள் வேண்டும். மூன்றாவதை மட்டும் பார்க்கிறவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் பெட்டி சொல்லும் நேரத்தை நம்பி யாரோ எங்கோ ஒரு தொலைநோக்கியைத் திருப்புவார்கள், அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. முதுகைக் காட்டி நின்ற என் நாலாவது பெண்ணைப் போல, சிரிப்பை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

நீயேதான் ஒரு தீபாவளிக்கு வந்தபோது எனக்குச் சொன்னாய், இந்தக் காமா வெடிப்புகளை முதலில் பார்த்தவை அவற்றைத் தேடிப் போன செயற்கைக்கோள்களே இல்லை என்று. யாராவது ரகசியமாக அணுகுண்டு சோதிக்கிறார்களா என்று வேவு பார்க்க அனுப்பியவை அவை. குண்டோடு பொருந்தாத சில அளவுகள் வந்தன. பார்த்தவர்கள் அவை என்னவென்று புரியாமலேயே எடுத்து வைத்தார்கள், பிறகுதான் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அன்று நான் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு வடையைத் திருப்பிப் போட்டேன். இன்று காலை பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அது உறைத்தது. நானாக இருந்திருந்தால் அழிப்பானை நீட்டியிருப்பேன். உன் படிப்பு முழுவதும் யாரோ அழிக்காமல் வைத்த இரண்டு மூன்று அளவுகளின் மேல் நிற்கிறது.

இப்போது உனக்கு இது உன் மேசைக்கும் மேடத்தின் அறைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு எவ்வளவு தூரம் என்பது உனக்கே தெரியும். எனக்கு நாலு தெருவே எவ்வளவு நீளமாகிவிட்டது, பார்த்தாயா? பரிமளாவின் பெண் என்ன படிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்கவேண்டும்.

சொல்லிவிட்டு வந்ததும் எனக்கு நீளமாக எதுவும் சொல்லவேண்டாம். "குடுத்துட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பு. அதுவரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன், அதற்காக நீ அவசரப்படாதே. மேடம் முழுவதையும் கேட்கட்டும். திட்டினால் வாங்கிக்கொள். வேலை போய்விட்டால் வீடு இருக்கிறது, அப்பா கடை இருக்கிறது, என் பென்ஷன் இருக்கிறது. இதைத் தைரியம் சொல்வதற்காக எழுதவில்லை. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா எல்லாப் பக்கத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டார். "இங்க ஒண்ணு அடிச்சு வச்சிருக்கியே, அசிங்கமா கீது. அந்தப் பக்கத்த மட்டும் வேற தாள்ல எழுதிடேன்" என்கிறார். மாட்டேன் என்றேன். பரவாயில்லை என்று எழுதிய இடத்தில் ஒற்றைக் கோடுதான் போட்டிருக்கிறேன், உள்ளே இருப்பதை நீ படிக்கலாம். அது பொய், அதனால் அடித்தேன். அந்த ராக்கெட்டில் உன் பெட்டி போகவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கு நன்றாகவே தெரியும். பொய்யாக ஒன்றை முதலில் எழுதினேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். அப்படியே சேர்த்துத்தான் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா